தயவுசெய்து அவசரப்படாதீர்கள்

பெறுநர்: குடிவரவு, அகதிகள், குடியுரிமைத் துறை, ஒட்டாவா, கனடா.
பொருள்: எங்கள் விண்ணப்பங்களைப் பார்க்காமல் இருக்கும்படி வேண்டுதல்.

மேன்மை தங்கிய ஐயா, அம்மா,

உங்களுக்கு வரும் கடிதங்களில் பாதி, "ஏன் இவ்வளவு தாமதம்?" என்று கேட்பவையாகத்தான் இருக்கும். இது அந்த ரகமில்லை. டொராண்டோவிலும் பிராம்டனிலும் படித்து முடித்து, படிப்புக்குப் பின் நீங்கள் தந்த ஒர்க் பெர்மிட்டின் கடைசி மாதங்களை எண்ணிக்கொண்டிருக்கும் நாங்கள் உங்கள் தாமதத்தை வாழ்த்தி எழுதுகிறோம்.

அந்தப் பெர்மிட் ஆயுளுக்கு ஒரு தடவை, அதிகபட்சம் மூன்று வருடம். பாஸ்போர்ட் முன்னதாக முடிகிறதே என்று குறைத்துக் கொடுத்திருந்தால் ஒழிய நீட்டிப்பும் கிடையாது. ஆனால் அது முடிவதற்குள் வேறொரு பெர்மிட்டுக்கு விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழையபடி வேலை பார்க்கலாம் என்று உங்கள் விதியே சொல்கிறது. நீங்கள் கோப்பைத் திறக்காதவரை நாங்கள் சட்டப்படி உழைத்து வரி கட்டுபவர்கள். திறந்து 'இல்லை' என்றால் அன்றே வேலை போச்சு. ஆகவே எங்கள் கோப்பு கிணற்றில் போட்ட கல்லாகவே கிடக்கட்டும். அதை எடுக்கப்போகும் அலுவலருக்கு நீண்ட விடுமுறை கொடுங்கள். பாவம், அவருக்கும் குடும்பம் இருக்கும். (எங்களுக்கும் இருக்கிறது. காத்திருக்கும்போது நாட்டைவிட்டுப் போனால் திரும்பி வந்து வேலை செய்ய முடியாது என்பதால், தங்கை கல்யாணத்தை வாட்ஸ்அப்பில் பார்த்து மொய் அனுப்பிவிட்டோம்.)

எந்தப் பெர்மிட்டுக்கு விண்ணப்பிப்பது என்பதில்தான் உங்கள் மேதைமை தெரிகிறது. பிரிட்ஜிங் பெர்மிட் வேண்டுமானால் பி.ஆருக்கு, அதாவது நிரந்தர வசிப்புரிமைக்கு, விண்ணப்பித்திருக்க வேண்டும். அதற்கு உங்கள் அழைப்பு வர வேண்டும். அழைப்புக்கு நீங்கள் போடும் புள்ளிகளின் ஸ்கோர், ஸ்கோருக்குக் கனடிய வேலை அனுபவம், அனுபவத்துக்குப் பெர்மிட். சரி, எல்.எம்.ஐ.ஏ. என்ற வேலைச் சந்தை மதிப்பீட்டின் வழியில் போகலாமென்றால், முதலாளி குறைந்தது நான்கு வாரம் விளம்பரம் போட்டு, கனடியர் யாரும் கிடைக்கவில்லை என்று நிரூபித்து, 1,000 டாலரும் கட்ட வேண்டும். "நீ எங்கள் குடும்பத்தில் ஒருத்தன்" என்று அதுவரை சொல்லிவந்த மேனேஜர் இதைக் கேட்டதும் பனிப்பொழிவைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். அப்படி ஒரு வேலைக் கடிதம் கிடைத்தால் பெரும்பாலோருக்கு ஸ்கோரில் சேர்ந்துவந்த 50 புள்ளிகளையும் 2025 மார்ச் 25 அன்று எடுத்துவிட்டீர்கள். எல்.எம்.ஐ.ஏ.வைச் சிலர் காசுக்கு விற்றார்களாம். விற்றவரைத் தேடிப் பிடிப்பதைவிடப் புள்ளியை அழிப்பது சுலபம்தான்; வாங்காதவனுக்கும் சேர்த்தே அழிந்தது.

உங்கள் மனசைப் புரிந்துகொள்ள நாங்களும் முயன்றோம். 2021 பிப்ரவரி 13 அன்று, 1,200 புள்ளிக்கு 75 எடுத்தால் போதும் என்று ஒரே நாளில் 27,332 பேரை அழைத்தீர்கள். அதே ஆண்டு மே மாதம், இங்கே படித்தவர்களுக்கென்று 40,000 இடங்களைத் திறந்தீர்கள். ஏறக்குறைய ஒரே நாளில் நிரம்பின. அந்தச் செப்டம்பருக்குப் பிறகு, எங்களைப் போல இங்கே வேலை பார்த்தவர்களுக்கான கனடிய அனுபவ வகுப்புக்கு 2022 ஜூலை வரை அழைப்புச் சுற்றே இல்லை. 2023இல் பெர்மிட் முடிந்தவர்களுக்குப் பதினெட்டு மாதம் நீட்டிப்பு கொடுத்தீர்கள். 2024இல் முடிந்தவர்களுக்குக் கையை விரித்தீர்கள். அந்த ஆண்டு அக்டோபரில், அடுத்த ஆண்டின் பி.ஆர். இலக்கை 5,00,000இலிருந்து 3,95,000 ஆகக் குறைத்தீர்கள். இதில் தகுதி எங்கே இருக்கிறது, பிறந்த நேரம் எங்கே இருக்கிறது என்று ஊரிலுள்ள ஜோசியரிடம் கேட்டோம். அவர் எங்கள் ஜாதகத்தை ஒதுக்கிவிட்டு உங்களுடையதைக் கேட்கிறார்.

பிறந்தநாள் விஷயமும் உண்டு. 29 வயது வரை வயதுக்கு முழுப் புள்ளி, 30 ஆனதும் ஐந்து போகும், 31இல் இன்னும் ஆறு. அம்மா எங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு, "தீர்க்காயுசா இருப்பா" என்று போனில் சொல்லும் அதே நாளில் நீங்கள் கழிக்கிறீர்கள். நீங்கள் தாமதிக்கும் வருடங்களிலும் எங்களுக்குத்தான் வயதாகிறது. துறையின் வயதுக்கும் கொஞ்சம் கழித்துக்கொண்டால் என்ன?

பிரெஞ்சு தெரிந்தால் வாசல் பெரிதாகத் திறப்பதையும் கவனித்தோம். 2025 மார்ச்சில் 379 புள்ளிக்கே 7,500 பேரை அழைத்தீர்கள். கனடிய அனுபவக்காரர்களுக்குத் தேவைப்பட்ட புள்ளி அந்த ஆண்டு முழுக்க 500க்குக் கீழே இறங்கவில்லை. சரி என்று கிடங்கில் இரவு ஷிப்ட் முடித்துவந்து பிரெஞ்சு வினைச்சொற்களை உருப்போடுகிறோம். எதிர்காலத்தை மட்டும் இன்னும் சரியாகச் சொல்ல வரவில்லை.

விண்ணப்பக் கட்டணம் 155 டாலரைக் கட்டிவிட்டோம். கோப்பைப் பரிசீலிக்காமல் வைத்திருந்தால் அதைத் திருப்பித் தர வேண்டுமோ என்று உங்கள் கணக்குப் பிரிவு தயங்கலாம். வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நிலுவையில் இருப்பவர்கள்.