சிறுத்தைக்கு இலை போட்டது யாரு?

ஏலே பேராண்டி, அந்த செல்போனைக் கீழ வச்சிட்டு இப்படித் திண்ணையில உக்காரு. சிந்தாமணிப் பக்கம் சிறுத்தை நடமாட்டம்னு நீ அனுப்பின படத்தை உங்க அம்மை காட்டினா. நல்ல படம்தான். சிறுத்தைக்குப் பின்னால மலை பூரா வெள்ளையா ஐஸ் உறைஞ்சு கெடக்கு. நம்ம புளியங்குடியில என்னைக்குலே ஐஸ் கொட்டுச்சு? குச்சி ஐஸ் விக்கிறவன் பெட்டியில பாத்ததோட சரி. அதுவும் போதாதுன்னு, "பொதுமக்கள் வெளியே வர வேண்டாம், வனத்துறை எச்சரிக்கை"ன்னு கீழ எழுதி வேற விட்டிருக்கே. உன்னை எப்பலே வனத்துறையில வேலைக்குச் சேத்தாவ?

அதுக்காகச் சிறுத்தையே இல்லைன்னு சொல்ல வரல. மேக்க நிமிந்து பாரு, அன்னா நிக்குது மலை. 2015-லயே நெல்லை வனவிலங்கு சரணாலயம்னு அறிவிச்சாச்சு. தெக்க போனா களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், 1988-ல வந்தது. வடக்க ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை, அது 2021-ல. மலைக்கு அந்தாண்ட பெரியாறு. நாம என்ன பண்ணியிருக்கோம்? எலுமிச்சங்காட்டையும் கரும்பையும் தென்னந்தோப்பையும் அடிவாரம் வரைக்கும் கொண்டுபோய் ஒட்டி வச்சிருக்கோம். வேலி நம்ம கண்ணுக்குத்தான் வேலி. சிறுத்தைக்குப் பட்டா சிட்டா பாக்கத் தெரியாது. 2022 கணக்குப்படி தமிழ்நாட்டுல சிறுத்தை மட்டும் 1,070 இருக்குன்னு அரசாங்கமே சொல்லுது. இத்தனை இருந்தும் நீ நேர்ல பாத்தது ஒண்ணாவது உண்டா? அது உன்னைப் பாத்திருக்கும், அது வேற கதை.

எப்படி வேட்டையாடும்னு கேட்டேல்லா, சொல்லுதேன். அது தொரத்திப் பிடிக்குத சாதி இல்ல, ஒளிஞ்சு பிடிக்குத சாதி. பொழுது அடைஞ்ச பொறவுதான் கிளம்பும். வயிறு தரையில உரசுத மாதிரி பம்மி, ஒவ்வொரு காலா எடுத்து வைக்கும். முன்னங்கால் பதிஞ்ச எடத்துலயே பின்னங்காலையும் வைக்கும், ஒரே சருகு ரெண்டு தரம் நொறுங்கக் கூடாது பாரு. நகத்தை உள்ள இழுத்து வச்சுக்கிடும். அதனாலதான் தடத்துல நகக்குறி விழாது. வாய்க்கா வரப்புல ஈர மண்ணுல தடம் கண்டா, படம் பிடிக்க முந்தி குனிஞ்சு பாரு. நாலு விரலுக்கு முன்னாலயும் கூரா புள்ளி குத்தியிருந்தா அது நாய். அன்னைக்கு நீ சட்டியைக் கவுத்தி மூடி, சுத்தி உக்காந்து காவல் காத்தேல்லா ஒரு தடம்? அது டீக்கடை நாய் மணி ஒண்ணுக்குப் போன தடம்.

இருபது முப்பது அடிக்குள்ள வந்து சேர்ந்தாத்தான் பாயும். பாஞ்சதும் தொண்டையைக் கவ்வும். கவ்வினா விடாது, மூச்சு முட்டி அடங்குத வரைக்கும் அப்படியே பிடிச்சுக்கிட்டுக் கெடக்கும். உறுமிக்கிட்டு உருண்டு புரளுததெல்லாம் சினிமாவுல. ஆடு போனது விடிஞ்சு தொழுவத்தை எட்டிப் பாத்தாத்தான் தெரியும். தன் எடை இருக்குத இரையைப் பல்லுல கவ்விக்கிட்டு மரத்து மேல ஏறிப் போயிரும். நீ ஒரு மூட்டை எலுமிச்சையை ஆட்டோவுல ஏத்த நாலு பேரைக் கூப்பிடுதே.

சாப்பாட்டுல அதுக்கு நொரநாட்டியம் கெடையாது. மான் இருந்தா மான். இல்லையா, பன்னிக்குட்டி, குரங்கு, முயல், மயில், எலி. அதுவும் இல்லையா, ஊர் நாய். இங்கதான் நம்ம உபசரணை ஆரம்பிக்குது. சிறுத்தையை வீட்டு வாசலுக்கு வரவழைக்க ஒரு வழி சொல்லுதேன், எழுதிக்கோ. ஞாயித்துக்கிழமை கோழிக்கடையில மிஞ்சுத குடலையும் தோலையும் சாக்குல கட்டி, ஊர்க்கடைசி ஓடையில கொண்டு போய்க் கொட்டு. ரெண்டு வாரத்துல அங்கன நாய் சேரும், ஆறு மாசத்துல குட்டி போட்டுப் பெருகும். ராத்திரி பூரா அது குரைக்குத சத்தம் மலை வரைக்கும் போகும். பந்தி தயார்னு தண்டோரா போட்ட மாதிரிதான். பொறவு ஒரு நாள் சிறுத்தை வரும். உடனே கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதுவோம், "வனவிலங்கு ஊருக்குள் புகுந்தது"ன்னு. இலையைப் போட்டுத் தண்ணியும் தெளிச்சு வச்சிட்டு, உக்காந்தவன் மேல கேஸு.

மனு எழுதினா என்ன ஆகும்? கூண்டு வரும். 2024 மே மாசம் பாபநாசம் அடிவாரத்துல வேம்பையாபுரம், அனவன்குடியிருப்புப் பக்கம் கூண்டு வச்சாவல்லா, ஒண்ணு மாட்டிச்சு. தொல்லை விட்டதுன்னு பாத்தா அடுத்தது மாட்டிச்சு. இது நம்ம ஊர் அதிசயம் இல்ல. மராட்டியத்துல ஜுன்னார்னு ஒரு தாலுகா, அங்கயும் கரும்புக்காட்டுலதான் சிறுத்தை குட்டி போட்டுக் குடித்தனம் நடத்துது. 2001-ல இருந்து பிடிச்சுப் பிடிச்சுக் காட்டுல கொண்டு விட்டாவ. மனுசரைத் தாக்குதது கூடிச்சே தவிரக் குறையல. வித்யா ஆத்ரேயான்னு ஒரு அம்மா அதை ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காவ. ஒண்ணைத் தூக்கினா எடம் காலின்னு இன்னொண்ணு வந்து உக்காருது. தூக்கிட்டுப் போனது புது எடத்துல திக்குத் தெரியாம, யார் கிட்ட எப்படி நடந்துக்கிடணும்னு புரியாம முழிக்குது. உங்க மாமனை துபாய்க்கு அனுப்பி வச்சமே, அவனாவது ஆறு மாசத்துல திரும்பி வந்துட்டான்.

புலியைப் பத்தி ரொம்பச் சொல்ல வேண்டாம், அது உன் வாட்ஸ்அப்புக்கு அகப்படாது. 2022 கணக்குல தமிழ்நாட்டுக்கே 306தான். பத்து இருபது தடவை பாஞ்சா ஒரு தடவை இரை சிக்குனா பெரிசு. நீ குரூப் ஃபோர் எழுதுத லட்சணத்துக்கு அதைப் பாத்துச் சிரிக்காதே. செந்நாய் கூட்டமா விசிலடிச்சுப் பேசிக்கிட்டு மானை வளைக்கும், மனுசன் வாடை அடிச்சா ஒதுங்கிரும். விசிலடிக்கிறதுல நம்ம பஸ் ஸ்டாண்டு பயலுவளை விட அது எவ்வளவோ மரியாதை தெரிஞ்ச சாதி.

நம்ம பக்கத்துல சிறுத்தையை விட நெசமா பயப்பட வேண்டியது கரடிக்குலே. அது வேட்டைக்காரனே கெடையாது. கரையானும் தேனும் பலாப்பழமும் தின்னுட்டுத் திரியுத சன்னியாசி. ஆனா கண்ணு மங்கல், கோவம் ஜாஸ்தி. திடீர்னு எதிர்ல போய் நின்னா எழும்பி மூஞ்சியிலதான் நகத்தைப் போடும். 2022 நவம்பர்ல கடையத்துக்குப் பக்கத்துல சிவசைலம் ரோட்டுல, பைக்குல மசாலா விக்கப் போனவரை மறிச்சுக் கடிச்சுச்சு. காப்பாத்தப் போன ரெண்டு பேரையும் விடல. கரடியை மயக்க ஊசி போட்டுப் பிடிச்சுக் காட்டுல விட்டாவ, ஆனா அது பிழைக்கல.

மனுசனைத் தின்னப் பழகின மிருகம் கதை கேட்டிருப்பே. அதுலயும் நம்ம கைங்கரியம் உண்டு. இமயமலை அடிவாரத்துல சம்பாவத்துன்னு ஒரு ஊர், அங்க ஒரு பெண்புலி 436 பேரைக் கொன்னுச்சு. 1907-ல வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் சுட்டுட்டு வாயைத் திறந்து பாத்தா, வலது பக்கம் மேலயும் கீழயும் கோரைப்பல் உடைஞ்சு கெடக்கு. முன்னால எவனோ சுட்ட குண்டு. மானைக் கவ்வப் பல் இல்லாம போனதுக்கு அது என்ன செய்யும், கஞ்சி காய்ச்சியா குடிக்கும்? ருத்ரபிரயாகைச் சிறுத்தை கதை அதுக்கும் மேல. 1918-ல விஷக்காய்ச்சல் வந்து சனம் கொத்துக் கொத்தாச் செத்தப்ப, எரிக்க ஆள் இல்லாம பொணத்தைப் பள்ளத்துல உருட்டி விட்டிருக்காவ. அதைத் தின்னுதான் ருசி கண்டதுன்னு கார்பெட் எழுதி வச்சிட்டுப் போனாரு. 1926-ல அதைச் சுடுததுக்குள்ள 125 பேரு போயாச்சு.

சரி, சிறுத்தை எதிர்ல வந்துட்டா என்ன செய்யணும்னு கேக்குதே. ஓடாதே. ஓடினா நீயும் ஆடும் அதுக்கு ஒண்ணுதான். முதுகு காட்டாம, கையைத் தூக்கி நிமிந்து நின்னு, பைய பின்னால வா. இருட்டுல குனிஞ்சோ குத்த வச்சோ இருந்தா நாலு கால் பிராணின்னு அது கணக்குப் போட்டுரும். அதனால கருக்கல்ல ஒதுங்கப் போறவன் கக்கூஸ் கட்டி வீட்டுக்குள்ளயே போகட்டும். கட்டின கக்கூஸ்ல வெறகு அடுக்கி வச்சிருக்கான் உங்க சித்தப்பன், அவனையும் ஒரு வார்த்தை கேளு. சின்னப் பிள்ளையைத் தோட்டத்துல தனியா விடாதே. தண்ணி பாய்ச்சப் போனா டார்ச்சு அடிச்சுக்கிட்டு, சத்தமாப் பாடிக்கிட்டு போ. உன் பாட்டைக் கேட்டா சிறுத்தை பெரியாறு தாண்டிப் போயிரும்.

இப்ப நான் சொல்லப் போறதைக் காதுல வாங்கு. நம்ம காட்டுல அலையுத வேட்டை மிருகத்துல அதிகமா ஆளை அடிக்கிறது நீ படம் அனுப்பாத ஒண்ணு. விடிகாலம் எலுமிச்சம்பழம் பொறுக்கப் போறோம்லா, மரத்தடியில முள்ளும் களையும் மண்டிக் கெடக்குத எடத்துல கையை விட்டுத் துழாவுதோம். அங்கனதான் கண்ணாடி விரியன் எலிக்காகக் காத்துக் கெடக்கும். ராத்திரி பூரா அசையாது. சருகு நெறத்துல தடிச்ச உடம்பு, முதுகுல சங்கிலி கோத்தாப்ல வட்டம் வட்டமா. கிட்ட போனா உஸ்ஸுனு நீட்டமா ஒரு சீறல். அது எச்சரிக்கை, கேட்டு ஒதுங்கினா விட்டுரும். காதுல வயரை மாட்டிக்கிட்டுப் பழம் பொறுக்குத உனக்கு அது எங்க கேக்கப் போகுது? சிறுத்தை ஒரு ஆளை அடிச்சா எட்டு டிவி வருது. பாம்பு கடிச்சு 2000-ல இருந்து 2019 வரைக்கும் இந்தியாவுல செத்தவங்க கிட்டத்தட்ட 12 லட்சம் பேருன்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்லுதாவ. எவன் வந்தான் மைக்கைத் தூக்கிட்டு? 2024 நவம்பர்லதான் தமிழ்நாட்டு அரசு, பாம்புக்கடி கேஸை எல்லா ஆஸ்பத்திரியும் கணக்குல காட்டணும்னு உத்தரவு போட்டுச்சு.

ஒரு கம்பால சருகைக் கிளறிட்டுக் கையை விடு. கால்ல பூட்ஸ் மாட்டு. "நாங்கல்லாம் வெறுங்காலோட வளந்தோம்"னு உங்க பெரியப்பன் பெருமை அடிப்பான். வளராமப் போனவன் வந்து பேச மாட்டான்லா. கடிச்சுட்டா கயிறு இறுக்காதே, பிளேடால கீறாதே, விஷக்கல்லைத் தேடி மூணு ஊர் அலையாதே. நடக்க விடாம 108-க்குப் போன் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. மாமல்லபுரம் போற வழியில வடநெம்மேலியில இருளர் சனங்க 1978-லயே சங்கம் வச்சு, பாம்பு பிடிச்சு விஷம் எடுத்துக் கொடுக்காவ. அதுல இருந்துதான் உனக்கு ஊசி மருந்து வருது.

சரி, எந்திரி. சிறுத்தைப் படத்தை அனுப்பின அத்தனை குரூப்புக்கும் இதையும் அனுப்பு: கோழிக்கழிவை ஓடையில கொட்டாதீங்க, வீட்டைச் சுத்திக் குப்பையும் வெறகும் சேத்து எலி வளக்காதீங்க, ஆட்டை ராத்திரி கூரை போட்ட தொழுவத்துல கதவைச் சாத்தி அடைங்க. கீழ வனத்துறைன்னு போடாம உன் பேரைப் போட்டு அனுப்பு.