வயிற்றுக்குச் சந்தனம், முதுகுக்கு அடி

கர்ப்பிணிக்கு ஏழாம் மாதம் பிறந்தால் போதும், நம் தாய்க்குலப் பக்தி வளைகாப்புக்கு மண்டபம் பிடித்துப் பொங்கும். கன்னத்தில் சந்தனம், முழங்கைவரை வளையல், புளிசாதம், எலுமிச்சைசாதம், வீடியோக்காரருக்கு முன்பணம். வளையல் எதற்காம்? அந்தச் சத்தம் வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்குமாம். கேட்கும்தான், மருத்துவமும் மறுக்கவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு அப்பன் போடும் சத்தம் மட்டும் அந்தக் காதில் விழாது போலிருக்கிறது. முழங்கைவரை அடுக்குவதில் இன்னொரு சௌகரியமும் உண்டு: முறுக்கிய கையின் கன்றல் போட்டோவில் தெரியாது.

அரசு சளைத்ததா? சமுதாய வளைகாப்பு நடத்தித் தட்டு வைக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு திட்டத்தில், ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் தருகிறது. சாயங்காலம் அவள் புருஷன் போகிற டாஸ்மாக் கடையையும் 2003 முதல் அதே அரசுதான் நடத்துகிறது. கொடுத்த கையே வாங்கிக்கொள்கிறது.

தாய்சேய் நல அட்டையைப் பாருங்கள். எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், ஸ்கேன், எல்லாவற்றுக்கும் கட்டம். வீட்டில் அடி விழுகிறதா என்று கேட்கும் கட்டம் மட்டும் என் கண்ணில் படவில்லை. உதவ வழியிருக்கும் இடங்களில் பரிசோதனையின்போதே இதைக் கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே சொல்லிவிட்டது. இங்கே கேட்டாலும் பக்கத்தில் மாமியார் நிற்பார். "நல்லா இருக்கியாம்மா?" என்றால், "நல்லாத்தான் இருக்கா சிஸ்டர், சாப்பிடத்தான் மாட்டேங்கிறா" என்று பதில் அவரிடமிருந்து வரும். அட்டையில் 'எடை கூடவில்லை' என்று ஏறும். குற்றவாளி அவளுடைய வாய்.

தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. யாரைக் கேட்டாலும் "எங்க வீட்ல அப்படியெல்லாம் இல்லைங்க." பிறகு அடிக்கிற ஆண்களை எந்த மாநிலத்திலிருந்து வரவழைக்கிறோம்?

அடியும் அச்சமும் தின்ற கர்ப்பத்தில் குறைமாதப் பிரசவத்துக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் வாய்ப்பு கூடும். பெற்றவளை மனச்சோர்வும் பிடிக்கலாம். நாம் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'அவ ராசி'. தாங்க முடியாமல் தாய்வீட்டுக்குப் போன் போட்டால், "அனுசரிச்சுப் போம்மா, புள்ள பொறந்தா எல்லாம் சரியாயிடும்." கண்ணே திறக்காத சிசுவிடம் முப்பது வயது ஆம்பளையைத் திருத்தும் உத்தியோகத்தைக் கொடுத்துவிட்டு போனை வைத்துவிடுகிறோம். அந்தச் சிசு பெண்ணாகப் பிறந்துவிட்டால் அடிக்க இன்னொரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான்.

அடுத்த வளைகாப்புக்குப் போகிற மகாஜனங்களே, வளையலைப் போட்ட கையோடு பந்திக்கு ஓடாதீர்கள். அவளைத் தனியே அழைத்துக் கதவைச் சாத்தி, "அடிக்கிறானா?" என்று கேளுங்கள். ஆமென்றால், அவள் சம்மதத்தோடு பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழைத்துக் கொடுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி, அந்த வீட்டில் குடியிருக்க அவளுக்கு உரிமை உண்டு. அவனை வெளியேறச் சொல்லி உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரமும் உண்டு.