உள்கிண்ணத்தின் பெருமை

பதினெட்டாம் நூற்றாண்டின் பின்பாதியில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட வெள்ளி உப்புக்கிண்ணத்தில் இரண்டு பொருள்கள் உண்டு. வெளியே குட்டைக் கால்களில் நிற்கும் துளை வேலைப்பாடுள்ள வெள்ளிக் கூடு. அதற்குள் தனியே எடுக்கவும் வைக்கவும் கூடிய நீலக் கண்ணாடிக் கிண்ணம். பழம்பொருள் சேகரிப்பவர் கையில் இது கிடைத்ததும் முதலில் கண்ணாடியை வெளியே எடுத்து மேசை ஓரத்தில் வைக்கிறார். பிறகு வெள்ளியைத் தலைகீழாகத் திருப்பி, உருப்பெருக்கி கொண்டு முத்திரையைத் தேடுகிறார். ஏலப் பட்டியலிலும் அதே வரிசைதான். செய்தவர் பெயர், ஊர், ஆண்டு, எடை எல்லாம் வெள்ளிக்கு. கடைசியில் ‘நீலக் கண்ணாடி உள்கிண்ணத்துடன்’ என்று ஓர் ஒட்டு. இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். உப்பைத் தாங்குவது கண்ணாடி. அந்த வெள்ளி இரு நூற்றாண்டுக்கு மேல் பிழைத்திருப்பதும் கண்ணாடியின் தயவால்தான்.

வெள்ளிக்கும் உப்புக்கும் ஆகாது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈர உப்பிலிருக்கும் குளோரைடு வெள்ளியோடு கூடி சில்வர் குளோரைடாகும். ஸ்டெர்லிங் எனப்படும் வெள்ளியில் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. மீதி பெரும்பாலும் செம்பு. அந்தச் செம்பையும் உப்பு விடாது, பச்சைக் களிம்பாக்கும். வீட்டு வெள்ளி வழக்கமாகக் கறுப்பது காற்றிலுள்ள கந்தகத்தால். அது மேலே படியும் கறுப்பு, தேய்த்தால் போய்விடும். உப்புக் கறை உள்ளே இறங்கும். உலோகத்தைப் புள்ளி புள்ளியாகக் குடையும். மெருகு போட்டால் கறை நீங்கலாம், குழி நீங்காது. குழி மறையும்வரை தேய்க்கத் துணிந்தவர்கள் முத்திரையையும் சேர்த்தே தேய்த்து அழித்திருக்கிறார்கள். நம் வீடுகளில் உப்பு மரவையிலும் பீங்கான் ஜாடியிலும் இருந்ததன் நியாயம் இதுதான்.

ஐரோப்பாவின் பெரிய மனிதர்களுக்கு அந்த எளிய வழி போதவில்லை. விருந்து மேசையில் உப்பு வைக்கப்பட்ட இடம் யார் பெரியவர் என்பதைக் காட்டியது. ஆகவே உப்பு இருக்கும் பாத்திரமும் மதிப்பு மிக்க உலோகத்தில் இருந்தாக வேண்டும். உப்பு தீண்ட முடியாத உலோகம் தங்கம். இந்த வழியை அதன் எல்லைவரை கொண்டு போனவர் இத்தாலியப் பொற்கொல்லரும் சிற்பியுமான பென்வெனுட்டோ செல்லினி. பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சிஸுக்காக 1540க்கும் 1543க்கும் இடையில் அவர் செய்த உப்புக்கலம் இன்று வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 26 சென்டிமீட்டர். கடல் தேவனும் பூமி தேவியும் எதிரெதிரே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கடலின் பக்கம் படகு வடிவில் உப்புக்கான கிண்ணம். நிலத்தின் பக்கம் சிறு கோயில் வடிவில் மிளகுக்கான பேழை. உப்பு கடலில் விளைகிறது, மிளகு மண்ணில் விளைகிறது என்ற ஒரே எண்ணத்திலிருந்து முழுச் சிற்பமும் பிறந்திருக்கிறது. 2003 மே 11ஆம் தேதி இது திருடு போயிற்று. 2006 ஜனவரியில், ஆஸ்திரியாவின் ஸ்வெட்டல் ஊருக்கு அருகே காட்டுக்குள் புதைக்கப்பட்டிருந்த இடத்திலிருந்து மீட்கப்பட்டது. ஒரு சிட்டிகை உப்புக்காக மனிதன் செய்த ஆகப் பெரிய காரியம் இது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இது மன்னர் ஒருவருக்கு மட்டும் கிடைத்த விடை.

மற்றவர்களுக்குக் கிடைத்தது முலாம். தங்கத்தைப் பாதரசத்தில் கலந்து கிண்ணத்தின் உட்புறம் பூசி, சூடு காட்டினால் பாதரசம் ஆவியாகிப் போகும். தங்கம் வெள்ளியோடு ஒட்டி நிற்கும். அந்த ஆவியை மூச்சில் வாங்கிய தொழிலாளிகள் உடல் நடுங்கி, நோயில் விழுந்தார்கள். இத்தனை விலை கொடுத்துப் பூசிய முலாமும், உப்பைத் துடைத்துத் துடைத்தே பல ஆண்டுகளில் தேய்ந்துவிடும். தேய்ந்த இடத்தில் உப்பு மறுபடி தன் வேலையைத் தொடங்கும்.

1760களுக்குப் பிறகு நிலைமை மாறியது. உருளைகளுக்கிடையே நசுக்கி மெலிதாக்கிய வெள்ளித் தகடு பட்டறைகளுக்கு எளிதாகக் கிடைக்கத் தொடங்கியது. முன்பு கைரம்பத்தால் இழை இழையாக அறுத்த துளை வேலைப்பாட்டை அழுத்துப்பொறி அச்சுகளால் விரைவாகக் குத்தி எடுக்க முடிந்தது. தகடு மெலிந்தால் எடை குறையும். எடை குறைந்தால் விலை குறையும். கடைக்காரர், வழக்கறிஞர், பாதிரியார் எனப் பலர் வீட்டு மேசைக்கும் வெள்ளி வந்தது. இந்த மாற்றத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டவர்களில் ஒருவர் ஹெஸ்டர் பேட்மன். 1760இல் கணவர் இறந்தார்; 1761இல் தம் பெயரின் முதலெழுத்துகள் இரண்டையும் சாய்வெழுத்தில் முத்திரையாகப் பதிவு செய்தார்; 1790 வரை லண்டனின் பன்ஹில் ரோவில் பிள்ளைகளோடு பட்டறை நடத்தினார். மெல்லிய தகடு, துளை வேலை, விளிம்பில் மணிக்கோவை: அந்தப் பட்டறையின் கைவண்ணத்தை இவற்றிலேயே கண்டுகொள்ளலாம்.

துளையிட்ட சுவருக்குள் உப்பைக் கொட்டினால் அது மேசைவிரிப்பில் வந்து சேரும். ஆகவே துளை வேலைப்பாடு வந்த அன்றே உள்கிண்ணம் கட்டாயமாயிற்று. பட்டியல் எழுதுகிறவர்கள் மறக்கிற இடம் இதுதான். கண்ணாடியை வெள்ளிக்குத் துணைப்பொருள் என்கிறார்கள். அந்தக் கண்ணாடி கிடைக்கும் என்ற துணிவில்தான் பத்தர் சுவரைத் துளைத்தார். கண்ணாடியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது எதையும் வைக்க முடியாத ஓர் அழகிய வேலி.

நீலம் கோபால்டின் கொடை. உருகிய கண்ணாடியில் நூற்றில் ஒரு பங்குக்கும் மிகக் குறைவான கோபால்ட் சேர்த்தாலே போதும், ஆழ்ந்த நீலம் பிடிக்கும். அக்காலத்தில் கோபால்டுக்குப் பேர்போன இடம் ஜெர்மனியின் சாக்சனி மலைச் சுரங்கங்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் துறைமுகம் இந்த நீலத்தோடு ஒட்டிக்கொண்ட பெயர். அங்கே ஐசக் ஜேக்கப்ஸ் என்ற கண்ணாடிக்காரர் தம் நீலக் கிண்ணங்களிலும் தட்டுகளிலும் பொன்மையால் பெயர் எழுதினார். அவரைப் போலப் பெயரிட்டவர்கள் மிகக் குறைவு. நீலக் கண்ணாடி இங்கிலாந்தின் வேறு ஊர்களிலும் உருவானது. இன்று சந்தையில் ‘பிரிஸ்டல் நீலம்’ என்று சொல்வது நிறத்தின் பெயரே தவிர, பிறந்த ஊருக்கான சான்று ஆகாது. ஏன் நீலம் என்பதற்கு விடை பொருளைப் பார்த்ததும் கிடைத்துவிடும். உப்பின் வெண்மை நீலத்தின் மேல் எடுபடுகிறது. வெள்ளியின் துளைகள் ஒவ்வொன்றும் நீலத்தால் நிரம்பி, தகட்டில் அறுத்த இலையும் கொடியும் கண்ணுக்குத் துலங்குகின்றன. நிறமற்ற கண்ணாடி வைத்த கூடுகளும் உண்டு. அவற்றில் பாதி வேலைப்பாடு கண்ணிலேயே படாது.

இனி முத்திரை. லண்டன் வெள்ளியில் நடக்கும் சிங்கம் ஸ்டெர்லிங் தரத்தைக் குறிக்கும்; சிறுத்தைத் தலை ஊரைக் குறிக்கும்; ஓர் எழுத்து ஆண்டைக் குறிக்கும்; செய்தவரின் முதலெழுத்துகள் தனி. அக்கால லண்டனில் ஆண்டெழுத்து இருபது எழுத்துகளில் ஒரு சுற்று முடித்து, வடிவம் மாறி மறுபடி தொடங்கியது. பர்மிங்காமும் ஷெஃபீல்டும் 1773இல் தமக்கெனச் சோதனை நிலையங்கள் பெற்றன. பர்மிங்காமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு அக்காலத்தில் கிரீடம். கள்ள முத்திரை குத்தியவனுக்கு ஒரு காலத்தில் மரண தண்டனையே சட்டமாக இருந்தது. 1773இல் அது பதினான்கு ஆண்டு நாடு கடத்தலாகக் குறைந்தது. 1784 டிசம்பரில் அரசர் தலையும் சேர்ந்தது. அவுன்ஸுக்கு ஆறு பென்ஸ் வரி கட்டியாயிற்று என்பதற்கான ரசீது அது. அந்த வரி 1890இல் ஒழிந்தது. தொடக்கத்தில் சில காலம் அரசர் தலை உலோகத்துக்குள் குழிந்து பதியும். பிறகு புடைத்து நிற்கும். ஒரு கிண்ணத்தின் வயதை ஓரிரு ஆண்டுக்குள் சொல்ல இந்த ஒரு வேறுபாடே உதவுவதுண்டு.

கண்ணாடிக்கும் வரி இருந்தது. 1746 முதல் 1845 வரை இங்கிலாந்தின் கண்ணாடி உலைகள் எடைக்கேற்ப வரி கட்டின. ஒரே உப்புக்கிண்ணத்தின் இரண்டு பாதிகளிலும் அரசு கைவைத்தது. வெள்ளிக்கு மட்டும் ரசீது கொடுத்தது. ஊதியவர் பெயரும் உலையின் பெயரும் ஆண்டும் இந்த உள்கிண்ணங்களின் மேல் பெரும்பாலும் கிடையா. அது இரண்டாம் தரமாக நடத்தப்படுவதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. நம்மில் பலர் எழுதியிருப்பதை மட்டும் படித்துப் பழகிவிட்டோம்.

ஆனால் கண்ணாடியையும் படிக்க முடியும். அடியைத் திருப்புங்கள். உருவம் கொடுக்கும்போது கிண்ணத்தைத் தாங்கியிருந்த இரும்புக் கம்பியை ஒடித்து எடுத்தால் அடியில் கரடு தங்கும். பழைய உள்கிண்ணத்தில் அந்தக் கரட்டைச் சாணைச் சக்கரத்தில் தேய்த்து வழுவழுப்பான பள்ளமாக்கியிருப்பார்கள்; அல்லது அந்த இடத்தில் கதிர்கள் விரியும் நட்சத்திரம் ஒன்றை வெட்டியிருப்பார்கள். நட்சத்திரத்தின் கதிர்கள் ஒரே நீளத்தில் இல்லாவிட்டால் மகிழுங்கள், வெட்டியது கை. அடியில் உருப்பெருக்கிக்கு மட்டும் தெரியும் மெல்லிய கீறல்கள் எல்லாத் திசையிலும் குறுக்கும் நெடுக்கும் ஓடினால், பல தலைமுறை எடுத்து வைத்துப் புழங்கியதன் தடம் அது. போலிக்காக உப்புத்தாளில் தேய்த்திருந்தால் கீறல்கள் ஒரே திசையில் ஓடும். பக்கச் சுவரை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தால் கனம் இடத்துக்கிடம் மாறும். விளிம்பு சாணை பிடிக்கப்பட்டு, லேசாகச் சரிந்திருக்கும். பின்னாளில் அச்சில் வார்த்த மாற்றுக் கிண்ணம் எல்லாப் பக்கமும் ஒரே கனமாக இருக்கும். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு சில சமயம் காட்டிக்கொடுக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலான சான்று பொருத்தம். கையால் மடித்து ஒட்டிய கூடுகள் நான்கு இருந்தால் நான்கும் மயிரிழை வித்தியாசப்படும். கூட்டுக்கெனத் தேய்த்துப் பொருத்திய கண்ணாடி அதில் ஆடாமல் அமரும். பக்கத்துக் கூட்டில் வைத்தால் தயங்கும். ஒரு தொகுதியில் எது எதற்கு உரியது என்று கண்டுபிடித்து இணை சேர்ப்பது ஒரு மாலைப் பொழுதை முழுதாகக் கொடுக்கத் தகுந்த வேலை. உடைந்ததற்குப் பதிலாகப் பிற்காலத்தில் வைத்த கண்ணாடியைக் குற்றம் சொல்லவும் கூடாது. கண்ணாடி உடையும் பொருள், வீடு புழங்கும் இடம். மாற்றியதை மாற்றியது என்று எழுதிவைத்தால் போதும்.

1911இல் அமெரிக்காவின் மார்ட்டன் நிறுவனம் உப்போடு மக்னீசியம் கார்பனேட் சேர்த்து, ஈர நாளிலும் கட்டி பிடிக்காமல் கொட்டும் உப்பை விற்கத் தொடங்கியது. தூவும் குப்பி பரவியது; திறந்த கிண்ணமும் அதற்கான சின்னக் கரண்டியும் மேசையை விட்டு இறங்கின. அதற்குச் சற்று முன்பு பர்மிங்காமில் ஏராளமாகச் செய்து, பட்டு விரித்த பெட்டியில் கரண்டியோடு அடுக்கி விற்ற சிறு உப்புக்கிண்ண இணைகள்தாம் இன்று புதிதாகத் தொடங்குபவர் கைக்கு எட்டக்கூடியவை. தாராளமாக அவற்றில் தொடங்கலாம். கரண்டியின் குழிவில் மட்டும் தங்க முலாம் இருப்பதைக் கவனியுங்கள். அதன் காரணம் இப்போது தெரிந்திருக்கும்.

வாங்கிய பிறகு பயன்படுத்துவதையே நான் பரிந்துரைக்கிறேன். சாப்பாடு முடிந்ததும் உப்பைக் கொட்டி, கண்ணாடியை வெளியே எடுத்து, இரண்டையும் தனித்தனியே வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைக்க வேண்டும். கொதிநீர் கூடாது, திடீர்ச் சூடு பழைய ஈயக் கண்ணாடியைப் பிளந்துவிடும். உப்பு இறுகிக் கண்ணாடி கூட்டில் ஒட்டிக்கொண்டிருந்தால் கத்தியால் நெம்பாமல், முழுக்கிண்ணத்தையும் வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டால் தானே இளகும். அப்படியும் கண்ணாடி உடைந்துபோனால் சில்லுகளைக் குப்பையில் போட வேண்டாம். அடிப்பகுதிச் சில்லு நட்சத்திர வெட்டின் மாதிரியைத் தரும். விளிம்புச் சில்லு கனத்தையும் நிறத்தையும் சொல்லும். கூட்டின் உட்புற வடிவைக் காகிதத்தில் வெட்டி, ஆழத்தைத் தனியே அளந்து, சில்லுகளோடு சேர்த்துக் கண்ணாடி வெட்டுபவரிடம் கொடுங்கள். அளவைச் சற்றுக் கூடுதலாகச் சொல்லுங்கள். பெரிதாக வந்ததைச் சாணையில் குறைத்துப் பொருத்தலாம். சிறிதாக வந்ததைக் கொண்டு எதுவும் செய்ய முடியாது.