நுரைப் பிரமாணம்: ஒரு தர்க்க விசாரணை

மலையிலே புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டென்று அனுமானிப்பதற்கே நியாய சாஸ்திரத்து நையாயிகர்கள் எத்தனையோ நிபந்தனைகளை விதித்து, அவற்றை விவாதிப்பதிலேயே தலைமுறை தலைமுறையாகக் காலங்கழித்திருக்க, வாயிலே நுரை தெரிந்தால் அங்கே பல் துலங்கிவிட்டதென்று நம்மவர் காலைதோறும் யாதொரு நிபந்தனையுமின்றி முடிவு கட்டிவிடுவது அந்தச் சாஸ்திரத்துக்கு இழைக்கும் பெரும் அபசாரமாகும். இவ்வனுமானம் தேறுமா என்று பரிசீலிப்பதே இவ்வாராய்ச்சியின் பிரயோஜனம். இதனால் யாருக்கேனும் பல் பிழைத்தால் அது உபரி லாபம்.

நிரூபிக்கவேண்டிய சாத்தியம் இல்லாத இடத்திலும் அதற்கு அடையாளமாகக் காட்டும் ஹேது காணப்படுமாயின் அந்த ஹேதுவுக்குச் சவ்யபிசாரம் என்னும் தோஷம் உண்டு. இதற்குத் திருஷ்டாந்தம் தேடி நான் தெருவைக் கூடத் தாண்டவேண்டியதில்லை. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தாசில்தார் விடிந்ததும் நாலு இழுப்பு இழுத்துவிட்டு, பிரஷை இடது கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாரானால், பேப்பரின் முதல் பக்கம் முழுவதையும் படித்து, பாலில் சேர்ந்த தண்ணீரைப் பற்றிப் பால்காரரோடு வழக்காடி முடிக்கும் வரையில் அந்தப் பிரஷ் அசைவதில்லை. நுரை பனியனில் வழியாதபடி மோவாயை ஆகாயத்தை நோக்கி உயர்த்திக்கொண்டே பேசுவதால், உதடு கூடிப் பிறக்கவேண்டிய பகர மகரங்கள் அவ்வளவு நேரமும் அவர் பாஷையிலிருந்து லோபித்துவிடுகின்றன. பால்காரரோ பழக்க விசேஷத்தால் ஓரெழுத்தும் தவறாமல் புரிந்துகொண்டு பதில் சொல்கிறார். நுரை பூரணமாயிருக்கிறது, துலக்கம் என்பது நாலு இழுப்போடு சரி.

அந்த நுரை பிறக்குமிடத்தை விசாரித்தால், அது பல்லில் இல்லை, பேஸ்டில் இருக்கிறது. சோடியம் லாரில் சல்பேட் என்ற சரக்கைப் பெரும்பாலான பேஸ்டுகளில் நுரைப்பதற்கென்றே சேர்க்கிறார்கள். தலைக்குத் தேய்க்கும் ஷாம்புகள் பலவற்றிலும் அதுதான். விளம்பரங்களில் பிரஷின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை அலையலையாகப் பேஸ்ட் வழிவது வியாபார தர்மம். பெரியவர்களுக்குப் பட்டாணியளவு போதும்.

நுரையில்லாமலும் துலக்கம் உண்டு. பன்னிரண்டு விரற்கடை நீளமும் சுண்டுவிரல் பருமனுமுள்ள குச்சியைச் சுசுருத சம்ஹிதை விதித்தபோது நுரையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை; வேப்பங்குச்சியை மென்று நாராக்கித் தேய்த்தவர்களும் அப்படியே. உமிக்கரியும் செங்கற்பொடியும் அழுக்கோடு எனாமலையும் சேர்த்துத் தேய்த்தது வேறு விஷயம்.

கண்ணாடியில் பார்த்துப் பல் வெளுப்பாயிருக்கிறதே என்று பிரத்யட்சத்தைத் துணைக்கழைப்பவர்களும் உண்டு. ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரில் ஜவுளி வியாபாரம் செய்த லீவன்ஹூக் தினந்தோறும் உப்பினால் பல் தேய்த்து, தம் பற்களின் சுத்தத்தைப் பற்றி உள்ளூரப் பெருமையும் கொண்டிருந்தவர். ஆயினும் 1683-இல் தம் பல்லிடுக்கில் எஞ்சியிருந்த வெண்ணிற மாவை எடுத்துத் தாமே செய்த பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, அதிலே சிற்றுயிர்கள் கும்பல் கும்பலாகத் துள்ளி நீந்தக் கண்டார். நம் மூலவியாஜ்ஜியம் அந்த மாவோடுதான். ஈறும் பல்லும் சந்திக்கும் எல்லையில் அது தங்கினால் ஈறு வீங்கி ரத்தம் கசியும். ரத்தத்தைக் கண்டு பயந்து அவ்விடத்தை மட்டும் தேய்க்காமல் விடுவார்கள். விடவே மாவு பெருகும், ரத்தமும் பெருகும். நாளடைவில் அது காறையாக இறுகிவிட்டால் எந்தப் பிரஷுக்கும் மசியாது. பல் வைத்தியரின் ஆயுதந்தான் வேண்டும்.

ஆகவே சித்தாந்தம் யாதெனில், மெல்லிய நாருள்ள பிரஷை அந்த எல்லையை நோக்கி நாற்பத்தைந்து பாகை சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல் சிறுசிறு அசைவுகளாக, யாரும் எட்டிப்பார்க்காத கடைசிக் கடைவாய்ப்பல்லின் பின்புறமும் நாவை ஒட்டிய உட்புறமும் உட்பட, இரண்டு நிமிஷம் தேய்க்கவேண்டும். நுரையைத் துப்பியபின் குடம் குடமாகக் கொப்பளிக்காமலிருந்தால் பேஸ்டிலுள்ள ஃப்ளோரைடு பல்லில் தங்கிப் பலன் கொடுக்கும். தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைவதால், காலையைவிடப் படுக்கைக்கு முந்திய துலக்கலே முக்கியமானது.

இதைத் தாசில்தாரிடம் விண்ணப்பித்துக்கொண்டபோது, சரியாகக் கொப்பளிக்காத வாயில் காப்பியை எப்படி ஐயா விடுவது என்று கேட்டார். ராத்திரி துலக்கினால் அதன்பிறகு காப்பி ஏது என்றேன். சற்று யோசித்துவிட்டு, ராத்திரியில் பேப்பரும் வராது, பால்காரரும் வரமாட்டார், வேறு ஜோலியே இல்லாமல் பல்லை மட்டும் தேய்த்துக்கொண்டு நிற்கவேண்டியிருக்குமே என்று ஆட்சேபித்தார்.