கேசரி சொன்ன சாட்சி

1956 நவம்பர் 1-இல் எல்லைக்கோடு விழுந்தபோது விளவங்கோடு தமிழகப் பக்கம் போனது. நெய்யாற்றின்கரையோடு எங்கள் ஊரான கொல்லயிலும் கேரளத்தில் நின்றது. ஒப்பந்தம் இல்லை என்று நெய்யாறு இடதுகரைக் கால்வாய்த் தண்ணீர் 2004 முதல் விளவங்கோட்டுக்குப் போவதில்லை. அதைப் பற்றி டீக்கடையில் பேச்சு வந்தால், "ஒரு சொட்டும் வீணாகக் கூடாது" என்று மேசையைத் தட்டுகிறவன் நான்.

அப்படித் தட்டிய ஒரு வாரம் பார்த்து, நடுராத்திரியில் எங்கள் மோட்டார் தானாக ஓடத் தொடங்கியது. அம்மாவுக்கு யட்சி மேல் சந்தேகம். எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மேல். களியக்காவிளையிலிருந்து வந்த பிளம்பருக்கு யார் மேலும் சந்தேகமில்லை. "அம்மா, கேசரிப் பவுடர் இருக்கா?" என்றார். அம்மா ரவையையும் சேர்த்தே எடுத்து வந்தாள்.

ஒரு சிட்டிகை பிளஷ் டேங்கில் விழுந்தது. அரைமணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாதாம். உடனே வீட்டில் எல்லோருக்கும் அவசரம் வந்துவிட்டது. கதவைத் திறந்தால், கோப்பையின் பின்சுவரில் நூல்போல ஓர் ஆரஞ்சுக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. சத்தமில்லை, தரையில் ஈரமில்லை. டேங்கின் அடியில் ரப்பர் வாஷர் விறைத்துப்போயிருந்தது. நிமிடத்துக்கு 100 மில்லி கசிந்தாலே ஒரு நாளைக்கு 144 லிட்டர்! மேல்தொட்டி குறைந்து மோட்டார் தானாக ஓடியது அதனால்தான்.

புது வாஷர் போடப் பத்து நிமிடம். எல்லை தாண்டாத தண்ணீர் செப்டிக் டேங்குக்கு மட்டும் தடையில்லாமல் போயிருக்கிறது. அதற்கு யாரும் ஒப்பந்தம் கேட்கவில்லை.