மூளையில்லாதவருக்கு ஏர்கோன்

எங்கள் வீட்டில் இருபத்து நான்கு மணி நேரமும் ஏர்கோனில் இருக்கும் ஜீவன் ஒன்றே ஒன்றுதான். அதற்கு மூளை கிடையாது, முதுகெலும்பு கிடையாது, வேலைவெட்டியும் கிடையாது. ஜொகூர் பாரு வெயிலில் நாங்கள் எல்லோரும் காற்றாடிக்கு அடியில் வெந்துகொண்டிருக்க, கூடத்துக் கண்ணாடித் தொட்டியில், 26 டிகிரியில், அது கைகளை விரித்துப் போட்டுச் சுகமாக ஆடிக்கொண்டிருக்கிறது. பெயர் கடற்சாமந்தி. கரண்ட் பில் மட்டும் என் பெயரில் வருகிறது.

பூவின் பெயரை வைத்துக்கொண்டாலும் அது விலங்குதான். பவளத்துக்கும் ஜெல்லி மீனுக்கும் பங்காளி. "வாயில்லா ஜீவனைப் போய் அடைத்து வைத்திருக்கிறாயேப்பா" என்று அத்தை வருத்தப்பட்டார். உண்மையில் அது வாய் மட்டுமே உள்ள ஜீவன். தின்பதும் அந்த வழிதான், கழிப்பதும் அந்த வழிதான். வேறு வாசல் இல்லை. மூளையில்லாமல், வாயை மட்டும் வைத்துக்கொண்டு, நல்ல இடமாகப் பிடித்து உட்கார்ந்திருப்பவர்களை நான் பல சங்கக் கூட்டங்களில் பார்த்திருப்பதால் எனக்கு இதில் வியப்பில்லை. ஆனால் சாமந்தியிடம் ஒரு நல்ல குணம் உண்டு: உடம்பு நன்றாக இருந்தால் வாய் இறுக மூடியிருக்கும். பிளந்தபடியே கிடந்தால் வியாதி என்று அர்த்தம்.

"கடலுக்கு யார் ஏர்கோன் மாட்டினது?" என்பது மச்சானின் கேள்வி. நியாயமான கேள்விதான். கடல் பெரியது; பகல் முழுக்க வெயில் அடித்தாலும் அதன் சூடு சட்டென்று ஏறாது. தொட்டி அப்படியில்லை: மேலே விளக்கு, உள்ளே பம்ப், வெளியே எங்கள் ஊர் வெயில். மத்தியானம் தண்ணீர் 31 டிகிரியைத் தாண்டும். ராத்திரி மழை பெய்தால் இறங்கும். இந்த ஏற்ற இறக்கம்தான் அதற்கு ஆகாது. அதனால்தான் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர். கடலே சூடானால் கடலில் உள்ளவையும் தாங்குவதில்லை. 2010இல் தியோமான், ரெடாங் பக்கம் பவளங்கள் வெளுத்துப்போய், முக்குளிக்கும் இடங்கள் சிலவற்றை அரசாங்கம் மூடி வைத்தது. 2024இல் உலகம் முழுக்க அதே கதை.

இந்த வெளுப்பு விஷயத்தில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். சாமந்தியின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தைக் கொண்டு அவை சமைத்து, வீட்டுக்காரருக்கும் பங்கு கொடுக்கின்றன. சூடு கூடினாலோ வெளிச்சம் போதாமல் போனாலோ குடித்தனக்காரர்கள் வெளியேற, சாமந்தி வெளுத்துவிடும். கடையில் பால்வெள்ளையாக ஒன்றைப் பார்த்துவிட்டு, "என்ன லட்சணம் பாருங்க!" என்று என் சொந்தக்காரர்கள் உருகுவார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் பழகிய கண் அது. அந்த வெள்ளை பட்டினியின் நிறம். பளீரென்று மஞ்சளும் ரோஜா நிறமுமாக இருப்பவற்றில் சாயம் ஏற்றியவையும் உண்டு. உள்ளே பாசி குடியிருக்கும் சாமந்தி பெரும்பாலும் மாநிறம். வரன் தேடும் குடும்பங்கள் இதையும் கவனத்தில் கொள்ளலாம்.

அடுத்தது உப்பு. பக்கத்திலேயே கடல் இருக்க, உப்பைக் காசு கொடுத்து வாங்குவானேன் என்று என் மனைவிக்குத் தீராத சந்தேகம். எங்கள் பக்கத்தில் இருப்பது ஜொகூர் நீரிணை. ஆறுகள் வந்து கலக்கும் தண்ணீர். 1924இல் திறந்த, சிங்கப்பூருக்குப் போகும் காஸ்வே நடுவே நீரோட்டத்தை மறித்துக் குறுக்கே நிற்கிறது. 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டி, பாசிர் கூடாங் பள்ளிகளை மூடும்படி ஆனதைக் கண்ட எவரும் அந்தப் பக்கத்துத் தண்ணீரை வாளியில் மொண்டு வரமாட்டார்கள். சமையல் உப்பும் உதவாது. கடல்நீரில் சோடியம் குளோரைடு மட்டுமா இருக்கிறது, கால்சியமும் மக்னீசியமும் வேண்டாமா? குழாய்த் தண்ணீரில் குளோரின். ஆகவே வடிகட்டிய தண்ணீர், அதற்கென்றே விற்கும் உப்பு, லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். எனவே குறைந்த அளவை நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். மறுபடியும் உப்புத்தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால், கொஞ்ச நாளில் ஊறுகாய்தான் மிஞ்சும்.

தொட்டியை ஈசானிய மூலையில் வைக்கச் சொன்னவர் பெரியப்பா. வைத்தோம். உள்ளே சாமந்தியை எங்கே வைப்பது என்பதற்கும் அவரிடம் யோசனை இருந்தது. சாமந்தியிடமும் இருந்தது. அதற்கு ஒற்றைப் பாதம் உண்டு. வெளிச்சமும் நீரோட்டமும் பிடிக்கவில்லை என்றால் ராத்திரியோடு ராத்திரியாக இடம் மாறிவிடும். நாம் பார்த்துப் பார்த்து வைத்த பாறையை விட்டுவிட்டு, பின்பக்கத்துச் சந்தில் போய் ஒட்டிக்கொள்ளும். நடந்து போகிற வழியில் பம்ப் இருந்தால் கதை முடிந்தது. அரைபட்டுத் தொட்டி முழுக்க நஞ்சாகும், மீன்களும் போய்ச் சேரும். பம்ப் வாய்க்குப் பஞ்சு உறை போடுவது எந்த வாஸ்துவையும்விடப் பலன் தரும். இன்னொன்று, மீனுக்கு நோய் என்று தாமிரம் கலந்த மருந்தைத் தொட்டியில் விட்டால் மீன் பிழைக்கும், சாமந்தி பிழைக்காது.

இதெல்லாம் இயந்திரங்களால் சமாளிக்கக்கூடியவை. சமாளிக்க முடியாதது நம் விருந்தோம்பல். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு வருகிறவர்கள் எல்லோரும் தொட்டி முன்னால் நிற்பார்கள். "இது சாப்பிட்டிச்சா?" அதுதான் முதல் கேள்வி. வாரத்துக்கு ஓரிரு முறை, விரல் நுனி அளவு இறால் போதும் என்றால் யாரும் நம்புவதில்லை. இலையில் மறுசோறு வைக்காமல் ஒருவரை எழுப்பிவிடுவது நம் மரபில் கிடையாதே. அள்ளிப் போட்டால் அது பாதியைக் கக்கிவிடும். கக்கியது அழுகி அமோனியா ஏறும். போன தீபாவளிக்கு ஒரு பொடியன் முறுக்கைப் போட்டான். அவன் அம்மா, "எண்ணெய் இல்லாத முறுக்குதான், ஒண்ணும் ஆகாது" என்று எனக்குத் தைரியம் சொன்னார்.

லோஹான் காலத்து ஆட்கள் இன்னொரு ரகம். மலேசியாவில் உருவாக்கப்பட்ட அந்த மண்டை வீங்கிய மீனின் விலாவில் தெரிந்த கறுப்புப் புள்ளிகளை நம்பர்களாகப் படித்து, நாலு நம்பர் லாட்டரிக் கடைக்கு ஓடிய தலைமுறை அது. "இதுல நம்பர் ஏதும் விழுமா?" என்று சித்தப்பா இன்றும் கேட்கிறார். விழும் ஒரே நம்பர் கரண்ட் பில்லில் என்று சொல்லிவிட்டேன்.

பிள்ளைகளுக்கோ நீமோதான் வேண்டும். 2003இல் 'ஃபைண்டிங் நீமோ' படம் வந்ததிலிருந்து, நீமோ மாதிரிக் கோமாளி மீனுக்கு வீடு வேண்டுமே என்று புதுத் தொட்டியிலேயே சாமந்தியை வாங்கிப் போட்டுக் கொல்கிறார்கள். தொட்டியில் வளர்ந்த கோமாளி மீனுக்குச் சாமந்தி கட்டாயமில்லை. ஆசையாய் வாங்கி வைத்தாலும் திரும்பிப் பார்க்காமல் பம்பின் மேல் படுத்துத் தூங்கும். இன்னொரு செய்தி: கோமாளி மீன் கூட்டத்தில் பெரியதுதான் பெண், அது செத்தால் அதன் ஆண் துணை பெண்ணாக மாறிவிடும். ஆகவே நீமோவின் அம்மா இறந்த பிறகு அப்பா அம்மாவாகியிருக்க வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் விளக்கியதற்கு வீட்டில் எனக்கு இரண்டு நாள் மரியாதை குறைந்திருந்தது.

இத்தனை செலவும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஸ்காட்லாந்துக் கதை ஒன்று சொல்வேன். 1828இல் ஜான் டாலியெல் என்ற இயற்கையியலாளர் கடற்கரையில் பிடித்து, எடின்பரோவில் ஒரு கண்ணாடிக் குடுவையில் வளர்த்த சாமந்திக்குப் 'பாட்டி' என்று பெயர். பம்ப் இல்லை, சில்லர் இல்லை. குளிர்க் கடலில் பிறந்தது, குளிர் ஊரில் வளர்ந்தது. கடல்நீரை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். டாலியெல் 1851இல் காலமானார். பாட்டி கைமாறிக் கைமாறி 1887 வரை இருந்தது. செத்தபோது பத்திரிகையில் இரங்கல் குறிப்பே வந்தது. அரை நூற்றாண்டு சங்கத்துக்கு உழைத்த நம்மூர்ப் பெரியவர்களுக்கே அந்த இடம் கிடைப்பதில்லை. ஆக, சாமந்தி வளர்ப்பவர் உயில் எழுதி வைப்பது நல்லது.

"அவ்வளவு விலை எதுக்கு, மெர்சிங்குல சும்மாதானே கிடக்கு?" என்று மச்சான் தகர டப்பாவோடு கிளம்பியதும் உண்டு. மெர்சிங்குக்கு அப்பால் உள்ள ரவா, திங்கி, சிபுத் தீவுகளைச் சுற்றியுள்ள கடல், பாதுகாக்கப்பட்ட கடல் பூங்கா. அங்கே கைவைத்தால் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும், அங்கே நன்றாக இருப்பதை இங்கே கொண்டுவந்து சாகடிப்பானேன்? குமிழ்நுனிச் சாமந்தி தொட்டியிலேயே இரண்டாகப் பிரிந்து பெருகும். வளர்ப்பவர்களிடம் அப்படிப் பிரிந்த ஒன்றை வாங்குவதே நல்லது. தொட்டித் தண்ணீருக்கு ஏற்கெனவே பழகியிருக்கும், கடலுக்கும் நட்டமில்லை.

நான் வாங்கிய கடையின் சீனத் தவுக்கே பணத்தை எண்ணிக்கொண்டே ஒரே உபதேசம்தான் செய்தார்: "பாஸ், ஜாங்கான் காச்சாவ்." நோண்டாதே. சாமந்தி வளர்ப்பின் வேதம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. தொட்டியை அமைத்து ஆறு மாதமாவது ஓடவிட்டு, தண்ணீர் நிலைத்த பிறகு வாங்குங்கள். சூடும் உப்பும் வெளிச்சமும் ஒரே அளவில் நிற்கட்டும். கரண்ட் போனால் காற்று விட பேட்டரி பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். அதற்குமேல் ஒன்றும் செய்யாதீர்கள். சும்மா இருக்க முடியாதவர்கள் லோஹான் வாங்கிக்கொள்ளுங்கள். அது கையைத் துரத்தி விளையாடும், ஏர்கோனும் கேட்காது.