முன்னும் பின்னும் ரெண்டு செட்

போன செவ்வாய்க்கிழமை அக்கா மகனின் டி.சி.யை ஜெராக்ஸ் மெஷினுக்குள்ளேயே விட்டுவிட்டு, அதன் நகல்கள் நான்கையும் மார்போடு அணைத்துக்கொண்டு புதுச்சத்திரத்தில் பஸ் ஏறிவிட்டேன். "ஒரிஜினல் காட்டுங்க" என்றபோது பையில் இருந்தது நகலும் நகலின் நகலும்தான். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

அக்காவுக்கு இரண்டு பையன்கள். மூத்தவன் டொராண்டோவில் நிரந்தரவாசி (பி.ஆர்.), இளையவன் இங்கே பி.காம். இப்போது இருவருக்கும் வேலை இல்லை. தாய்மாமன் என்ற முறையில் இரண்டு சர்க்கார்களோடும் மல்லுக்கட்டுவது என் தலையில் விழுந்தது.

இளையவனுக்கு வாங்க நினைப்பது தமிழக அரசின் வேலையில்லா உதவித்தொகை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, விடாமல் புதுப்பித்து, ஐந்து வருஷம் காத்திருந்தால்தான் ஒருவனை வேலையில்லாதவன் என்று ஒப்புக்கொள்வார்கள். அதுவரை அவன் சும்மா இருக்கிறான், அவ்வளவுதான். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மூத்தவன் பணம் அனுப்பிக்கொண்டிருந்தவரை அந்தப் பக்கமே போக முடியவில்லை. அவனுக்கு வேலை போனது, இவனுக்குத் தகுதி வந்தது.

பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். எங்கள் பக்கம் எதையும் முட்டையில் கணக்குப் போட்டால்தான் விளங்கும். நாமக்கல் பண்ணை விலைக்கு நூறு முட்டை, முன்னே பின்னே. முட்டைக்காவது பைசா பைசாவாக ஏற்றி இறக்க ஒரு குழு இருக்கிறது.

சொல்ல வந்தது ஜெராக்ஸ் பற்றி இல்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கிளம்பும்போது அக்கா, "தம்பி, எதுக்கும் ஒரு செட் சேத்தி எடுத்துக்க" என்றாள். அந்த "எதுக்கும்" எதற்கு என்று நம்மில் யாராவது கேட்டிருக்கிறோமா? எங்கள் வீட்டு பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு மஞ்சப்பை. தாத்தா போய்ப் பதினோரு வருஷமாகிறது. வாக்காளர் அட்டையின் ஆறு நகல்களாக அவர் இன்னும் அதற்குள் இருக்கிறார். விற்றுவிட்ட டி.வி.எஸ். ஃபிஃப்டியின் ஆர்.சி. புத்தகம் மூன்று செட். யாருடையது என்றே தெரியாத ஒரு சாதிச் சான்றிதழ், அதுவும் முன்னும் பின்னும், பின்பக்கம் வெற்றுத்தாள். வெற்றுத்தாளை நகலெடுக்கக் காசு கொடுத்த பரம்பரை ஐயா இது. ஒரிஜினலுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று அதை லேமினேஷன் செய்வோம். செய்தபிறகு "இதுல எப்படிங்க சீல் வைக்கிறது?" என்பார்கள். நகலிலிருந்து நகல், அதிலிருந்து இன்னொரு நகல் என்று போகப்போக ஆதாரில் என் முகம் கரிச்சட்டி ஆகிவிட்டது. ஒரு கவுண்டரில் அந்தத் தாளையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்குது" என்று தலையாட்டினார்கள். அதன் கீழே, இது நான்தான் என்று நானே கையெழுத்தும் போட்டிருந்தேன்.

டொராண்டோக்காரன் அந்தச் செவ்வாய்க்கிழமை இரவு கூப்பிட்டான். அங்கே வேலை போனவர்களுக்குக் கொடுக்கும் பணத்துக்கு ஈ.ஐ. என்று பேர். சம்பளத்தில் பிடித்த காப்பீடு. போட்ட பணம் திரும்பி வருகிறது. எத்தனை வருஷமாகக் குடியிருக்கிறாய் என்று கேட்கவில்லையாம். எத்தனை மணி நேரம் வேலை பார்த்தாய் என்றுதான் கேட்டார்களாம். இடத்தைப் பொறுத்து 420-லிருந்து 700 மணி நேரம். சம்பளத்தில் நூற்றுக்கு 55, உச்சவரம்பு 2025-இல் வாரத்துக்கு 695 டாலர். அதை முட்டையாக்கிப் பார்த்தேன், பாதியில் விட்டுவிட்டேன்.

"இத வாங்குனா சிட்டிசன்ஷிப் கெட்டுருமோன்னு பயந்துட்டே இருந்தேன் மாமா. அதெல்லாம் ஒண்ணும் ஆகாதாம். நாளைக்கு அம்மாவை இங்க கூப்பிடறதுக்கும் இத வாங்குனது தடை இல்லையாம், வருமானக் கணக்குல மட்டும் இதச் சேக்க மாட்டாங்களாம். அந்தத் தடை வெல்ஃபேர் வாங்கறவங்களுக்குத்தானாம்."

"அது கிடக்கட்டும். ஜெராக்ஸ் எத்தனை செட்டுடா கேட்டாங்க?"

"ஒண்ணுமே கேக்கல மாமா. பழைய கம்பெனியே கம்ப்யூட்டர்ல அனுப்பிருச்சு. நான் படுத்துட்டே அப்ளை பண்ணேன்."

எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு தாள்கூட வாங்காத அரசாங்கத்தை எப்படி நம்புவது? நாளைக்கு இல்லை என்று சொல்லிவிட்டால் இவன் எதைக் காட்டுவான்? "கண்ணு, எதுக்கும் ஒரு செட் எடுத்து வெச்சுக்க" என்றேன். எதை எடுப்பது என்று கேட்டான். படித்த பையன், அதற்கு மேல் சொல்லித்தரவா முடியும்?

மறுநாள் காலை கடை திறக்குமுன்பே போய் நின்றேன். கடைத் தம்பி சிரித்துக்கொண்டே டி.சி.யை எடுத்துக் கொடுத்தான். கூடவே இன்னொரு தாள்.

"பத்திரமா இருக்குதுங்ணா. தொலைஞ்சு கிலைஞ்சு போச்சுன்னா என்ன பண்றதுன்னு, எதுக்கும் ஒரு காப்பி எடுத்து வெச்சேனுங். ரெண்டு ரூவா ஆச்சுங்."

கொடுத்தேன். பின்பக்கம் எடுக்கவில்லையா என்றும் கேட்டேன்.